போர்முனையில் இருந்தேன், சான்றிதழில் இல்லை

கேள்வி: ஐயா, வணக்கம். மாணவர் விசாவில் படித்துக்கொண்டிருந்தபோது, 2009இல், தமிழ் தெரியும் என்ற தகுதியில், வெளிநாட்டவரைப் படையில் சேர்க்கும் மாவ்னி திட்டத்தின் வழியாக அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தேன். வேலை, லாரி ஓட்டுநர். 2011 ஏப்ரல் முதல் 2012 ஜனவரி வரை ஆப்கானிஸ்தானில் இருந்தேன். என் சொந்தப் பிரிவு அங்கே போகவில்லை. வேறொரு பிரிவில் ஆள் போதவில்லை என்று என்னை மட்டும் அதோடு இணைத்து அனுப்பினார்கள். திரும்பும் நேரத்தில் அந்தப் பிரிவின் கேப்டன், "உனக்கு ஆர்காம் எழுதியிருக்கிறேன்" என்று கைகுலுக்கினார். ஆர்காம் என்பது தரைப்படைப் பாராட்டுப் பதக்கம். அதற்கான தாள் கடைசிவரை வரவில்லை.

2014 தொடக்கத்தில் வெளியே வந்தபோது கொடுத்த டிடி-214 என்னும் பணிநிறைவுச் சான்றிதழில் ஆப்கானிஸ்தான் என்ற சொல்லே இல்லை. வெளிநாட்டுப் பணிக் கட்டத்தில் சுழியம். ஆப்கானிஸ்தான் பதக்கமும் இல்லை, ஆர்காமும் இல்லை. கேட்டேன். "கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் திருத்திக்கொள்ளலாம்" என்றார் எழுத்தர். வீட்டுக்குப் போகும் அவசரம், போட்டுவிட்டேன். பிறகு வேலை, குடும்பம் என்று நாள் ஓடிவிட்டது. இன்னொரு சிக்கல்: சேர்ந்தபோது பாஸ்போர்ட்டில் எனக்கு ஒற்றைப் பெயர்தான். அதனால் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யூ", அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று போட்டார்கள். குடியுரிமை தாமதமாகி, ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய பிறகுதான் கிடைத்தது. அப்போது அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டேன்.

இப்போது ஆஸ்துமா, விடாத சைனஸ். முகாமில் குப்பை எரித்த புகைதான் காரணம் என்று நினைக்கிறேன். "முதலில் டிடி-214ஐச் சரிசெய், அப்புறம்தான் விஏவில், அதாவது முன்னாள் படைவீரர் நலத்துறையில், இழப்பீடு கேட்க முடியும்" என்கிறார்கள் நண்பர்கள். இரண்டையும் முடித்துத் தர ஓர் ஆலோசனை நிறுவனம் 3,500 டாலர் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

கொடுக்க வேண்டாம். பணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. உங்கள் நண்பர்கள் சொன்ன வரிசை தவறு. அதை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நட்டம்.

விஏவுக்கு உங்கள் டிடி-214 மட்டுமே ஆதாரம் இல்லை. நீங்கள் எங்கே பணியாற்றினீர்கள் என்பதைப் பாதுகாப்புத் துறையின் பதிவுகளில் அவர்களே தேடிப் பார்க்க முடியும். விண்ணப்பதாரருக்கு ஆதாரம் தேடுவதில் உதவ வேண்டும் என்ற சட்டக் கடமையும் அவர்களுக்கு உண்டு. 2022 ஆகஸ்ட் 10ஆம் தேதி கையெழுத்தான பேக்ட் சட்டத்தின்படி, 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் பணியாற்றியவருக்குப் பின்னாளில் கண்டறியப்பட்ட ஆஸ்துமா, நாள்பட்ட சைனஸ் அழற்சி, நாள்பட்ட மூக்கழற்சி ஆகியவை பணியால் வந்தவை என்றே எடுத்துக்கொள்ளப்படும். அந்தப் புகைதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. அங்கே இருந்தீர்கள் என்பதும், இந்த நோய் இப்போது இருக்கிறது என்பதும் போதும்.

ஆகவே, இந்த வாரமே 'விண்ணப்பிக்கும் எண்ணம்' என்ற அறிவிப்பை விஏவுக்குக் கொடுத்துவிடுங்கள். 21-0966 என்ற படிவம். இணையத்தில் கொடுக்கலாம், தொலைபேசியில் சொன்னாலும் பதிவுசெய்வார்கள். அதற்குப் பிறகு முழு விண்ணப்பத்தைத் தர ஓராண்டு அவகாசம் உண்டு. கோரிக்கை ஏற்கப்பட்டால், எண்ணம் தெரிவித்த அந்தத் தேதியிலிருந்தே பணம் கணக்காகும். பதக்கமும் திருத்தமும் வரும்போது வரட்டும். மருத்துவ வசதிக்குக்கூட நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்களைப் போல நச்சுப் புகைக்கு ஆளானவர்கள் இழப்பீடு கேட்காமலேயே விஏ மருத்துவத்தில் பதிவுசெய்துகொள்ள 2024 மார்ச் 5 முதல் வழி திறந்திருக்கிறது.

சரி, இனி ஆவணத்துக்கு வருவோம்.

இந்த வேலையில் இருக்கும் வழக்கறிஞன் என்ற முறையில், என்னிடம் வரும் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தவறு படிவத்தில் இருக்கிறதா, கோப்பில் இருக்கிறதா? டிடி-214 என்பது ஒரு சுருக்கம். வெளியேறும் நேரத்தில் ஒரு எழுத்தர் உங்கள் பணிக் கோப்பைத் திரையில் பார்த்து, அதிலிருந்து கட்டங்களை நிரப்புகிறார். கோப்பில் எல்லாம் சரியாக இருந்து அவர் விட்டிருந்தால், அது வெறும் எழுத்துப் பிழை. அதைத் திருத்துவது எளிது. கோப்பிலேயே தாள் இல்லை என்றால், படிவத்தைத் திருத்து என்று எத்தனை முறை எழுதிக் கேட்டாலும் "எங்கள் பதிவில் அப்படி எதுவும் இல்லை" என்றுதான் பதில் வரும். பலர் ஆண்டுக்கணக்கில் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பது இந்த வேறுபாடு தெரியாமல்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்தவரை, ஆப்கானிஸ்தான் பணி முதல் வகை, ஆர்காம் இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள். எளியது கடினமானதோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

முதல் வேலை, முழுக் கோப்பையும் வரவழைப்பது. உங்களிடம் டிடி-214 இருக்கிறது என்பதால் கோப்பே இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஓஎம்பிஎஃப் என்னும் அதிகாரபூர்வப் பணியாளர் கோப்பு தனி. உங்கள் காலத்துத் தரைப்படைக் கோப்புகள் மின்வடிவில் இருப்பவை. மில்கனெக்ட் என்னும் பாதுகாப்புத் துறைத் தளத்தில் கேட்கலாம், தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கத்திலும் கேட்கலாம், பழைய முறையில் எஸ்எஃப்-180 படிவத்தை அஞ்சலிலும் அனுப்பலாம். கட்டணம் கிடையாது. கேட்கும்போது "டிடி-214 நகல்" என்று எழுதினால் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் அந்த ஒரு தாளையே திரும்ப அனுப்புவார்கள். "முழுப் பணியாளர் கோப்பு, எல்லா விருது ஆணைகள், பணியமர்த்தல் ஆணைகள்" என்று எழுதுங்கள். மருத்துவக் கோப்பைத் தனியாகக் கேளுங்கள். அது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

இங்கேதான் பெயர்ச் சிக்கல். ஒற்றைப் பெயர்க்காரர்களான நம் ஆட்கள் பலர் இதில் அடிபட்டிருக்கிறார்கள். விசா கொடுக்கும் இடத்தில் பெயரைத் தூக்கிக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்று மூன்றெழுத்து எழுதிவிடுவார்கள். அதுவே ஒரு பெயர் போல எல்லாத் தாளிலும் ஏறிவிடும். உங்கள் ஆப்கானிஸ்தான் ஆணைகள் அந்தப் பழைய பெயரில் வெளியானவை. 2014இல் எழுத்தரின் திரையில் வந்தது புதுப் பெயர். இணைத்து அனுப்பிய பிரிவு தன் தாள்களைப் பழைய பெயரில் அனுப்ப, சொந்தப் பிரிவு அவற்றைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். எங்கே தவறியது என்று இப்போது கண்டுபிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் இரண்டு பெயர்களையும், எழுத்துக்கூட்டல் மாறாமல், எழுதுங்கள். பெயர் மாற்றத்துக்கான சான்றின் நகலை இணையுங்கள். சமூகப் பாதுகாப்பு எண் மாறாமல் இருப்பதுதான் இரண்டு பெயர்களும் ஒரே ஆள் என்பதற்குப் பாலம்.

கோப்பு வரும்வரை வீட்டில் தேடுங்கள். அங்கே இருந்ததற்குச் சான்று என்றால் எல்லோரும் புகைப்படத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். மணல், லாரி, கறுப்புக் கண்ணாடி. அது எந்த நாட்டு மணல் என்று படம் சொல்லாது. பணம் சொல்லும். ராணுவத்தில் வேறெந்தத் தாள் தொலைந்தாலும் சம்பளக் கணக்கு தொலைவது அரிது. நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆண்டுச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில், 2011ஆம் ஆண்டுக்கானதை எடுங்கள். அன்று வரிக்கணக்குத் தாக்கல் செய்த உறையிலோ மென்பொருள் கணக்கிலோ இருக்கும். அதில் 12ஆவது கட்டத்தில் 'க்யூ' என்ற குறியீட்டோடு ஒரு தொகை இருக்கிறதா பாருங்கள். வரி விலக்குப் பெற்ற போர்ப்பகுதிச் சம்பளம் அது. ஒரு மாதத்தில் ஒரு நாள் போர்ப்பகுதியில் இருந்தாலும் ஒரு சாதாரணச் சிப்பாயின் அந்த மாதச் சம்பளம் முழுவதும் வரிவிலக்கு. ஆகவே உங்கள் கணக்கில் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதச் சம்பளம் அந்தக் குறியீட்டின் கீழே இருக்க வேண்டும், 2012க்கான படிவத்தில் ஜனவரி மாதச் சம்பளம் மட்டும் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் தேதிகளோடு அது அச்சு அசலாகப் பொருந்தும்.

அடுத்தது எல்இஎஸ் எனப்படும் மாதச் சம்பளச் சீட்டுகள். அவற்றில் ஆபத்துப் பகுதிப் படி என்று மாதம் 225 டாலர் இருக்கும். திருமணமாகி மனைவி வீட்டில் இருந்திருந்தால் குடும்பப் பிரிவுப் படி 250 டாலரும் இருக்கும். சீட்டுகள் உங்களிடம் இல்லாவிட்டால், பாதுகாப்புத் துறையின் நிதி, கணக்குச் சேவை அலுவலகத்துக்கு எழுதிச் சம்பளக் கணக்கைக் கேட்கலாம். இந்தப் படி போர்ப்பகுதியில் இருந்தீர்கள் என்று சொல்லும், எந்த நாடு என்று தனியாகச் சொல்லாமல் போகலாம். அன்று குவைத்தில் இருந்தவருக்கும் இந்தப் படி இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மருத்துவக் கோப்பு. போகும் முன்பு ஒரு உடல்நலக் கேள்வித்தாள், திரும்பியதும் ஒன்று, சில மாதம் கழித்து ஒன்று என்று நிரப்பச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? டிடி-2795, டிடி-2796, டிடி-2900. திரும்பியதும் நிரப்பிய 2796இல் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள், எந்தத் தேதியில் என்று இருக்கும். அன்று நீங்கள் "புகை, தூசி" என்று ஒரு கட்டத்தில் குறியிட்டிருந்தால், இன்றைய ஆஸ்துமா விண்ணப்பத்துக்கும் அதே தாள் உதவும்.

இவற்றோடு, உங்களை வேறு பிரிவுக்கு அனுப்பிய தற்காலிக மாற்ற ஆணை ஒன்று இருந்தே தீர வேண்டும். ஆணை இல்லாமல் ராணுவம் ஒருவரை விமானத்தில் ஏற்றாது. உங்களிடமோ கோப்பிலோ அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தாள்கள் சேர்ந்ததும் கேட்க வேண்டியது டிடி-215. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் பழைய டிடி-214ஐக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று தர மாட்டார்கள். பழையது அப்படியே இருக்கும். அதோடு சேர்த்து வைத்துக்கொள்ள, இன்ன கட்டத்தில் இன்னதை நீக்கி இன்னதைச் சேர்க்க என்று சொல்லும் திருத்தத் தாள்தான் டிடி-215. உங்கள் காலத்தவர்களுக்கு இதை வழங்குவது கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் தரைப்படை மனிதவள ஆணையகம்.

கேட்கும்போது கட்டம் கட்டமாகக் கேளுங்கள். "என் ஆப்கானிஸ்தான் பணியைச் சேர்க்கவும்" என்று மொட்டையாக எழுதினால், படிப்பவர் எதை எங்கே சேர்ப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும். யோசிக்க வைக்கும் கடிதம் அடுக்கின் அடிக்குப் போகும். 12எஃப் கட்டத்தில் வெளிநாட்டுப் பணி இத்தனை மாதம், இத்தனை நாள். 18ஆவது கட்டத்தில் ஆப்கானிஸ்தானில் பணி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. 13ஆவது கட்டத்தில் ஆப்கானிஸ்தான் களப் பதக்கம், இரண்டு களநட்சத்திரங்களுடன்.

ஏன் இரண்டு? அந்தப் பதக்கத்துக்குத் தொடர்ச்சியாக 30 நாள் அங்கே இருந்தாலே போதும், அல்லது விட்டுவிட்டு 60 நாள். ஆனால் போரைக் காலகட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு காலகட்டத்துக்கும் ஒரு சிறு வெண்கல நட்சத்திரம் தருகிறார்கள். 2009 டிசம்பர் முதல் 2011 ஜூன் 30 வரை ஒரு காலகட்டம். 2011 ஜூலை 1 முதல் 2014 டிசம்பர் வரை அடுத்தது. நீங்கள் ஏப்ரலில் போய் ஜனவரியில் வந்தவர், இரண்டிலும் கால் வைத்திருக்கிறீர்கள். இதைக் கேட்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

கையோடு மற்றவற்றையும் பாருங்கள். ஆப்கானிஸ்தானில் நேட்டோ படையின் கீழே இருந்தவர்களுக்கு நேட்டோ பதக்கம் உண்டு. நல்லொழுக்கப் பதக்கத்துக்கு மூன்றாண்டு மாசற்ற பணி வேண்டும். உங்களுக்கு நான்காண்டுக்கு மேல் இருக்கிறது. அது உங்கள் 13ஆவது கட்டத்தில் இல்லையென்றால் அதையும் கேட்கலாம். ஆனால் அதற்குத் தளபதியின் ஆணை வேண்டும், தானாக வராது. இணைந்திருந்த பிரிவுக்கு அந்தக் காலத்துக்காக ஏதாவது பிரிவு விருது கிடைத்திருந்தால், அதோடு இணைக்கப்பட்ட ஆணை உங்களிடம் இருக்கும்பட்சத்தில் அதிலும் உங்களுக்குப் பங்குண்டு. இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அள்ளிக் கேட்காதீர்கள். ஒரே காலத்துக்கு ஆப்கானிஸ்தான் பதக்கமும் பயங்கரவாத எதிர்ப்புப் போரின் வெளிக்களப் பதக்கமும் சேர்த்துத் தர மாட்டார்கள். தகுதியில்லாத ஒன்றைக் கேட்டால், தகுதியுள்ள மற்ற நான்கையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

இனி ஆர்காம். உங்களுக்குக் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். கைகுலுக்கல் பதக்கம் ஆகாது. தரைப்படைப் பாராட்டுப் பதக்கத்தை ஒரு கேப்டன் தானாகத் தர முடியாது. டிஏ-638 என்ற படிவத்தில் அவர் பரிந்துரைப்பார். அது மேலே போய், பொதுவாகக் கர்னல் நிலையிலுள்ள ஒருவர் ஒப்பமிட்டு, ஆணை எண் போட்ட பிறகுதான் அது உங்களுடையது. ஆகவே "எழுதியிருக்கிறேன்" என்று அவர் சொன்னதற்கு மூன்று பொருள் இருக்க முடியும். அனுமதியாகி ஆணை எண்ணும் விழுந்து, தாள் உங்கள் கைக்கு மட்டும் வராமல் போயிருக்கலாம். மேலே போய் வழியில் தொலைந்திருக்கலாம். அல்லது அவர் நினைத்தார், எழுதவில்லை.

முதலாவது என்றால் கோப்பிலோ அந்தப் பிரிவின் ஆணைத் தொகுப்பிலோ எண் இருக்கும். டிடி-215இலேயே முடிந்துவிடும். பழைய பெயரில் தேடச் சொல்லுங்கள். இரண்டாவது என்றால், பரிந்துரை உண்மையில் அலுவலக வழியில் சென்றது என்பதைக் காட்ட வேண்டும். படிவத்தின் நகல், அன்றைய மின்னஞ்சல், அல்லது அந்தக் கேப்டனின் எழுத்துமூல வாக்குமூலம். அவரைத் தேடிப் பிடியுங்கள். இன்று அவர் எங்கோ மேஜராகவோ கர்னலாகவோ இருக்கலாம், வெளியே வந்து வேறு வேலை பார்க்கலாம். தயங்காமல் எழுதுங்கள், தன் சிப்பாய்க்கு விட்டுப்போன பதக்கம் என்றால் பெரும்பாலான அதிகாரிகள் உதவத்தான் செய்கிறார்கள். மூன்றாவது என்றால் கால வரம்பு குறுக்கே நிற்கும். வழக்கமாகச் செயல் நடந்த இரண்டாண்டுக்குள் பரிந்துரை போயிருக்க வேண்டும். அதைத் தாண்டியவற்றுக்கும் ஒரு வழி உண்டு: நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகப் புதிய பரிந்துரையை அனுப்பினால், படைத்துறை அதைக் காலம் கடந்தது என்று தள்ளாமல் தகுதியைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்று கூட்டரசுச் சட்டத்தின் 10ஆம் தொகுப்பில் 1130ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கும் பரிந்துரையை எழுத அந்தக் கேப்டனைப் போல நேரில் அறிந்த ஒருவர் வேண்டும். நீங்களே உங்களுக்கு எழுத முடியாது.

ஆணையகம் மறுத்துவிட்டால் அல்லது ஆர்காம் விஷயம் அங்கே தீராவிட்டால், அதற்கு மேலே இருப்பது தரைப்படை ஆவணத் திருத்த வாரியம். டிடி-149 படிவம். இதற்கும் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. இந்த வாரியங்கள் உருவான கதை சுவையானது. 1946க்கு முன்பு ஒரு சிப்பாயின் ஆவணத்தைத் திருத்த வேண்டுமென்றால் அவருக்காகவே நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவருவார்களாம். அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க, அந்த ஆண்டில் நாடாளுமன்றமே இந்த அதிகாரத்தைப் படைத்துறைகளிடம் ஒப்படைத்துவிட்டது. வாரியத்தில் உட்காருபவர்கள் குடிமக்கள், சீருடைக்காரர்கள் இல்லை.

வாரியத்துக்கு நேரே போகாதீர்கள். கீழே கேட்காமல் வந்தால் திருப்பி அனுப்புவார்கள். முதலில் ஆணையகத்தின் மறுப்புக் கடிதம் கையில் இருக்கட்டும்.

கால வரம்பு பற்றிக் கவலைப்படுவீர்கள். பிழை தெரிந்த மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு 2014இலேயே தெரியும், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்க வேண்டாம். "இப்போதுதான் கவனித்தேன்" என்று எழுதிவிட்டுப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீதியின் பொருட்டு அந்த வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. ஏன் தாமதம் என்று படிவத்திலேயே கேட்பார்கள். எழுத்தர் சொன்னது, நோய் வந்த பிறகுதான் விடுபட்டதன் கனம் தெரிந்தது, பெயர் மாற்றத்தால் தாள்கள் பிரிந்துகிடந்தது என்று உள்ளதை உள்ளபடி நாலு வரியில் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டதால் உரிமை போய்விட்டது என்றும் பயப்படாதீர்கள். 21ஆவது கட்டத்துக் கையெழுத்து, பிழையைச் சரியாக்கிவிடாது.

வாரியத்துக்கு எழுதும்போது போர்க்கதை எழுதும் ஆசை வரும். எத்தனை முறை லாரிக்கு முன்னால் குண்டு வெடித்தது, எப்படித் தப்பினீர்கள் என்பதெல்லாம். எனக்கு அதைக் கேட்க விருப்பம்தான். ஆனால் அந்த மேசையில் அமர்ந்திருப்பவர் தேடுவது, எந்தக் கட்டம், என்ன தவறு, எந்தத் தாள் அதைக் காட்டுகிறது என்பதை மட்டும். ஒன்றரைப் பக்கம் போதும். இணைப்புகளுக்கு எண் போட்டு, கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். அசல் எதையும் அனுப்பாதீர்கள். பெரும்பாலான விண்ணப்பங்களைப் பத்து மாதத்துக்குள் முடிக்க வேண்டும், எதுவும் பதினெட்டு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மனத்தளவில் பதினெட்டுக்கே தயாராக இருங்கள். மறுத்துவிட்டாலும், முன்பு காட்டாத புதிய ஆதாரம் கிடைத்தால் மீண்டும் பார்க்கும்படி கேட்கலாம்.

அந்த 3,500 டாலர்: விஏவுக்கான முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுக்க யாரும் பணம் வாங்கக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டம். விஏவின் முதல் முடிவு வந்த பிறகு, அதை எதிர்த்துப் போராடும்போதுதான் அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரோ முகவரோ கட்டணம் கேட்க முடியும். வாரிய விண்ணப்பத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் வாங்குவது சட்டப்படி சரிதான், ஆனால் உங்கள் விஷயத்தில் அதற்குத் தேவை இன்னும் வரவில்லை. அமெரிக்கன் லீஜன், டிஏவி, விஎஃப்டபிள்யூ ஆகிய முன்னாள் படைவீரர் அமைப்புகளில் விஏ அங்கீகாரம் பெற்ற சேவை அதிகாரிகள் இருக்கிறார்கள். பல மாவட்டங்களில் அரசே ஒருவரை வைத்திருக்கிறது. இவர்கள் இலவசமாகச் செய்து தருவார்கள். உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் இதற்கென்றே ஊழியர்கள் உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், கிடப்பில் கிடக்கும் கோரிக்கை எங்கே நிற்கிறது என்று அவர்கள் கேட்டு எழுதுவார்கள். முடிவை மாற்ற அவர்களால் முடியாது. தூங்குகிற கோப்பை எழுப்ப முடியும்.

ஒரு எச்சரிக்கை. வேலைக்கு மனுப் போடும்போது கேட்கிறார்களே என்று, டிடி-214இன் நகலில் நீங்களாக ஒரு வரி சேர்த்துத் தட்டச்சு செய்துவிடாதீர்கள். உண்மையைத்தானே எழுதினேன் என்ற வாதம் செல்லாது. படைச் சான்றிதழைத் திருத்துவது கூட்டரசுக் குற்றம்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கும் இரண்டு வார்த்தை. பகுதிநேரப் படைகளான ரிசர்வ் அல்லது நேஷனல் கார்டில் இருந்தவர்கள், பதக்கம் விடுபட்டிருக்கிறது என்று பதறுவதற்கு முன், ஒவ்வொரு முறை செயல்பணிக்கு அழைக்கப்பட்டதற்கும் தனி டிடி-214 இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் தேடுவது இன்னொரு தாளில் இருக்கலாம். மாமனார், தாத்தா என்று பழைய தலைமுறைக்காகத் தேடுகிறவர்கள் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே ஆவண மையத்தில் நடந்த தீவிபத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை வெளியேறிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதில் போய்விட்டது. "எரிந்துவிட்டது" என்ற பதில் வந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். சம்பளப் பதிவுகள், மருத்துவமனைப் பதிவுகள் போன்ற வேறு மூலங்களிலிருந்து கோப்பை மீண்டும் கட்டித் தருகிறார்கள்.

தம்பி, விஏ அறிவிப்பும் கோப்புக் கோரிக்கையும் ஒரே நாளில் முடியக்கூடிய வேலைகள். கோப்பு வந்ததும் விருது ஆணைகள் உள்ள பகுதியை மட்டும் முதலில் புரட்டுங்கள், இரண்டு பெயரிலும். அங்கே ஆர்காமுக்கு ஓர் ஆணை எண் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அப்படியானால் மேலே வாரியத்தைப் பற்றிச் சொன்ன எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. கிடைக்காவிட்டால், அந்தக் கேப்டனுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.